நம்ம வார்டுக்குக் கோடு போட்டது யாரு?

போன எபிசோடுக்கு நிறைய மெசேஜ் வந்திருந்தது. அதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டுத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில வேலை பார்க்கிற தம்பி அனுப்பினது. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு. ரூம் வாடகை, தண்ணி கேன், மெஸ் எல்லாம் இங்கதான். பே-ஸ்லிப்ல தொழில் வரின்னு பிடிக்கிறாங்க, அது இந்த ஊராட்சிக்குத்தான் போகுதாம். அப்போ நான் எந்த வார்டு? என்னை இங்க யாராவது கணக்குல வச்சிருக்காங்களா?"

ரெண்டு கேள்வி இருக்கு இதுல. எந்த வார்டுங்கிறதுக்குப் பதில் சுலபம், கடைசியில சொல்றேன். கணக்குல வச்சிருக்காங்களாங்கிறதுக்கு ஒரே வார்த்தையில பதில்: இல்ல. ஏன் இல்லங்கிறதுதான் இன்னைய எபிசோடு. நான் வக்கீல் இல்ல, கோடு எழுதுற ஆளு. ஆனா சட்டத்தையும் தீர்ப்புகளையும் உட்கார்ந்து படிச்சேன். பல இடத்துல நம்ம வேலையில பார்க்கிற பிரச்சினை மாதிரியே இருந்தது.

முதல்ல அடிப்படை. கிராமத்துல இருக்கிறவங்க உள்ளாட்சித் தேர்தல்ல நாலு ஓட்டு போடணும். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர். நாலு கலர்ல நாலு சீட்டு. தலைவருக்கு ஊர் முழுக்க ஒரே தொகுதி. மீதி மூணுக்கும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எல்லை போட்டிருக்காங்க. ஒன்றிய வார்டுன்னா சுமார் 5,000 மக்கள், மாவட்ட வார்டுன்னா சுமார் 50,000 மக்கள் என்பது தமிழ்நாட்டுக் கணக்கு. நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல 274 ஊராட்சிகள். அதுல ஸ்ரீபெரும்புதூர் ஒன்றியத்துல 58, குன்றத்தூர் ஒன்றியத்துல 42. இந்தத் தொழிற்சாலை வட்டாரம் பெரும்பாலும் இந்த ரெண்டு ஒன்றியத்துக்குள்ளதான் அடங்கும்.

எல்லை போடுறதுக்கு அரசியலமைப்புல ஒரு விதி இருக்கு. பிரிவு 243சி. ஒரு ஊராட்சிப் பகுதிக்குள்ள எல்லாத் தொகுதியிலயும் மக்கள்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம், நடைமுறையில் இயன்ற அளவுக்கு, ஒரே மாதிரி இருக்கணும். ஒரு வார்டுல 300 பேர், பக்கத்து வார்டுல 1,500 பேர்னு இருந்தா, அந்த 300 பேர் வார்டுல ஒரு ஓட்டோட எடை அஞ்சு மடங்கு. அது கூடாதுங்கிறதுதான் விஷயம்.

சரி, மக்கள்தொகைன்னா எந்த மக்கள்தொகை? இங்கதான் சிக்கலே. பிரிவு 243-லயே அதுக்கு விளக்கம் எழுதி வச்சிருக்காங்க. கடைசியா நடந்து, எண்ணிக்கையும் வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எதுவோ, அதுல இருக்கிற எண். இன்னைய தேதிக்கு ரேஷன் கார்டு எத்தனை, ஆதார் எத்தனை, வீட்டு மின் இணைப்பு எத்தனை, எதுவும் கணக்கில்ல. 2021-ல நடக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கல. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ ஆதாரத் தேதியா வச்சு நடக்கும்னு அறிவிச்சாங்க. அந்த எண்கள் வெளிவர்ற வரைக்கும் சட்டத்தோட கண்ணுக்குத் தெரியற மக்கள்தொகை 2011-ஓடதுதான்.

நம்ம பாஷையில சொன்னா பதினஞ்சு வருஷமா ரிஃப்ரெஷ் ஆகாத கேஷ். வேற ஊர்ல இதனால பெரிய பிழை வராது. எல்லா ஊரும் ஏறக்குறைய ஒரே வேகத்துல வளர்ந்திருந்தா விகிதம் மாறாது இல்லையா? நம்ம வட்டாரம் அப்படியா? 2011 பிப்ரவரியில கணக்கெடுக்க வந்தப்போ, ஒரகடத்துல ரெனோ நிசான் தொழிற்சாலை திறந்து ஒரு வருஷம்கூட ஆகல. டைம்லர் தொடங்கினது 2012. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்துக்கு வந்தது 2013, வல்லம் வடகாலுக்கு வந்தது 2017. சுங்குவார்சத்திரத்துல ஷிஃப்ட் மாறுற நேரத்துல ரோட்டுல நிக்கிற பஸ்ஸை எண்ணிப் பாருங்க. அந்த ஜனம் எதுவும் 2011 பட்டியல்ல இல்ல.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம், எனக்கு இந்த மாதிரிக் கணக்கு பிடிக்கும். வல்லம் வடகால் சிப்காட்ல பெண் தொழிலாளர்களுக்குன்னு ஒரு குடியிருப்பு கட்டினாங்க. 2024 ஆகஸ்ட்ல முதலமைச்சர் திறந்து வச்சார். 13 கட்டடம், ஒவ்வொண்ணுலயும் 240 ரூம், ரூமுக்கு ஆறு பேர். பெருக்கினா 18,720. இப்போ ஒரு ஒன்றிய வார்டுக்கு 5,000 பேர்னு பார்த்தோமே? அந்த ஒரே ஒரு வளாகம் நிரம்பினா கிட்டத்தட்ட நாலு ஒன்றிய வார்டு. 2011 கணக்குல அந்தக் கட்டடங்களே கிடையாது.

அடுத்த கணக்கெடுப்புல அவங்க எண்ணப்பட்டா என்ன ஆகும்? இதை யோசிச்சுட்டு ராத்திரி ரொம்ப நேரம் தூங்கல. வார்டு மக்கள்தொகையை வச்சுப் பிரிக்கப்படுது, வாக்காளர் எண்ணிக்கையை வச்சு இல்ல. அந்தப் பெண்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஓட்டு சொந்த ஊர்லதான் இருக்கும். அப்போ காகிதத்துல 5,000 பேர் இருக்கிற ஒரு வார்டுல, நிஜமா ஓட்டுப் போடுறவங்க பக்கத்துல இருக்கிற பழைய கிராமத்து ஆளுங்க சில நூறு பேரா இருக்கலாம். ஹாஸ்டல் ஜனத்தோட எண்ணிக்கையை வச்சு அந்த வார்டுக்கு இடம் கிடைக்கும், அந்த இடத்துக்கு யார் வரணும்னு முடிவு பண்றது வேற ஆளுங்க.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல. அமெரிக்காவுல டெக்சாஸ் மாகாணத்துல இதே கேள்வியை உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனாங்க. ஈவன்வெல் வழக்கு, 2016. தொகுதி பிரிக்கும்போது மொத்த ஜனத்தை எண்ணக்கூடாது, ஓட்டுரிமை உள்ளவங்களை மட்டும் எண்ணணும்னு கேட்டாங்க. மொத்த ஜனத்தையும் எண்ணலாம்னு எட்டு நீதிபதிகளும் ஒருமனதா சொல்லிட்டாங்க. காரணம் எனக்குப் பிடிச்சது. ஓட்டுப் போடாத குழந்தைக்கும் தண்ணி வேணும், ரோடு வேணும், ஜெயிச்சவர் அவங்களுக்கும் சேர்த்துத்தான் பிரதிநிதி. அதே டெக்சாஸ்ல 1968-ல இன்னொரு வழக்கு வந்தது, மிட்லேண்ட் கவுண்டி. நாலு தொகுதி. ஒண்ணுல 67,906 பேர். மத்த மூணுல 852, 414, 828 பேர். நாலுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர்! நகரத்துல இருந்த அத்தனை ஜனமும் ஒரே தொகுதிக்குள்ள அடைஞ்சு கிடந்தாங்க. உள்ளாட்சிக்கும் ஓட்டோட எடை சமமா இருக்கணும்னு அங்க தீர்ப்பு வந்தது அந்த வழக்குலதான். நம்ம கிட்ட அவ்வளவு மோசமான எண் இருக்குன்னு நான் சொல்லல. ஆனா வளர்ற இடத்தை பழைய எண்ணால அளந்தா போய்ச் சேர்ற திசை அதுதான்.

இப்போ நீங்க கேட்கலாம், எல்லை தப்புன்னா கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானேன்னு. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். படிச்சுப் பார்த்தா கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கு.

பிரிவு 243ஓ. தொகுதி வரையறை பற்றிய சட்டத்தோட செல்லுபடியை எந்த நீதிமன்றத்துலயும் கேள்வி கேட்க முடியாது. தேர்தலையும் தேர்தல் மனு மூலமா மட்டும்தான் கேள்வி கேட்கலாம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதிகளுக்கும் இதே மாதிரி ஒரு பூட்டு இருக்கு. 1966-ல மேக்ராஜ் கோத்தாரி வழக்குல, வரையறை ஆணை அரசிதழ்ல வந்துட்டா அது சட்டம் மாதிரி, கை வைக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இப்படி வச்சதுக்கு நியாயமான காரணமும் இருக்கு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருத்தர் ஸ்டே வாங்கினா தேர்தலே நடக்காது.

ஆனா ஒரு சின்ன சந்து விட்டு வச்சிருக்காங்க. 1995-ல உத்தரப் பிரதேச பிரதான் சங் வழக்கு. அதுல உச்ச நீதிமன்றம் சொன்னதோட சாரம்: எல்லை போட்டதை நீதிமன்றம் விசாரிக்காது. எல்லை போடுறதுக்கு முன்னாடி ஆட்சேபணை கேட்கல, விசாரணை வாய்ப்பே கொடுக்கலன்னா மட்டும் கேட்கலாம். அதையும் தேர்தல் அறிவிக்கை வந்த பிறகு கேட்க முடியாது. அந்தக் கடைசி வரியை ரெண்டு தடவை படிச்சேன். அதாவது நீங்க சொல்ற காரணம் சரியா இருந்தாலும், நேரம் தப்பினா கதை முடிஞ்சது. 2024 ஜூலையில குஜராத் பர்தோலி தொகுதி சம்பந்தமான வழக்குல உச்ச நீதிமன்றம் சந்தைக் கொஞ்சம் அகலமாக்கினது. வரையறை ஆணை வெளிப்படையா தான்தோன்றித்தனமா இருந்து, அரசியலமைப்பு மதிப்பீடுகளோட ஒத்துப்போகலன்னா, நீதிமன்றம் பார்க்கலாம்னு சொன்னது. நல்ல விஷயம்தான், ஆனா அந்த அளவுக்கு நிரூபிக்கிறது ஒரு ஊராட்சி வார்டுக்காரருக்கு லேசுப்பட்ட வேலை இல்ல.

சரி, இதுல நம்ம மாவட்டம் எங்க வருதுன்னு கேட்டா, நடுவுல வருது. கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இதை நாமளே மறந்துட்டோம்.

2016 அக்டோபர் 17, 19-ல உள்ளாட்சித் தேர்தல்னு அறிவிச்சாங்க. நான் அப்போ காலேஜ் ரெண்டாம் வருஷம், முதல் உள்ளாட்சி ஓட்டு. அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையையே ரத்து பண்ணிட்டது. அந்த மாசம் 24-ஓட பழைய தலைவர்கள் பதவிக் காலம் முடிஞ்சது, தனி அலுவலர்கள் வந்தாங்க. 2017-ல தொகுதி மறுவரையறை ஆணையத்துக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. மாநிலத் தேர்தல் ஆணையர்தான் அதுக்குத் தலைவர். எல்லை போட்டாங்க. எல்லாம் முடிஞ்சு தேர்தல் வரப்போகுதுங்கிற நேரத்துல, 2019-ல மாவட்டங்களைப் பிரிச்சாங்க! நம்ம காஞ்சிபுரத்துல இருந்து செங்கல்பட்டு, விழுப்புரத்துல இருந்து கள்ளக்குறிச்சி, வேலூர்ல இருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், திருநெல்வேலியில இருந்து தென்காசி.

மாவட்டம் ரெண்டானா, பழைய மாவட்டத்துக்குப் போட்ட மாவட்ட ஊராட்சி வார்டு செல்லுமா? பட்டியல் சாதி இட ஒதுக்கீடு பழைய மாவட்டத்து விகிதத்துல போட்டது, அது புது மாவட்டத்துக்குப் பொருந்துமா? விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 2019 டிசம்பர் 6-ல தீர்ப்பு. மத்த மாவட்டங்கள்ல தேர்தல் நடத்துங்க, இந்த ஒன்பது மாவட்டத்துல மறுவரையறை முடிச்சு நாலு மாசத்துக்குள்ள நடத்துங்கன்னு சொன்னாங்க. டிசம்பர் 27, 30-ல மத்த 27 மாவட்டங்கள் ஓட்டுப் போட்டாங்க. நமக்கு நாலு மாசம்னு சொன்னதுக்குள்ள கொரோனா வந்தது. கடைசியில 2021 ஜூன்ல உச்ச நீதிமன்றம் மறுபடி கெடு வச்சு, அக்டோபர் 6, 9-ல நடந்தது.

கணக்குப் போடுங்க. 2016 அக்டோபர்ல இருந்து 2021 அக்டோபர் வரைக்கும் அஞ்சு வருஷம். ஒரு முழுப் பதவிக் காலம் இந்த வட்டாரத்துல தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், கவுன்சிலர் யாருமே இல்ல. என் முதல் உள்ளாட்சி ஓட்டை 24 வயசுல, வேலைக்குச் சேர்ந்து, வீட்டுல இருந்து வேலை பார்த்துக்கிட்டிருந்தப்போதான் போட்டேன். அந்த அஞ்சு வருஷத்துலதான் வல்லம் வடகால்ல தொழிற்சாலைகள் வேகமா எழும்பினது. கட்டட அனுமதி, குப்பை, கழிவுநீர், குடிநீர் எல்லாத்துக்கும் ஊராட்சியில கையெழுத்துப் போட்டது தனி அலுவலர். அவங்க மேல குறை சொல்லல, ஒருத்தருக்கே பல ஊராட்சி. ஆனா அவங்களை நாம தோற்கடிக்க முடியாதே.

இதுல ஒரு முரண்பாடு இருக்கு. அஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு நாளும் இழுக்கக் கூடாது, எல்லை வரையறை முடியலங்கிறது சாக்கு இல்லன்னு 2006-லயே அகமதாபாத் மாநகராட்சி விஷயத்துல, கிஷன்சிங் தோமர் வழக்குல, உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கு. 2022-ல மத்தியப் பிரதேச வழக்குலயும் அதையே சொன்னாங்க. ஒன்பது மாவட்டத்துக்கு மட்டும் எல்லைக்காகக் காத்திருக்கச் சொன்னாங்க, ஏன்னா இங்க மாவட்டமே புதுசு. ரெண்டு நியாயமும் எனக்குப் புரியுது. என் கோபம் நீதிமன்றத்து மேல இல்ல. தேர்தல் தலைக்கு மேல இருக்கும்போது மாவட்டத்தைப் பிரிச்ச டைமிங் மேல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷன்ல டேட்டாபேஸ் ஸ்கீமாவை மாத்துற ஆளைப் பார்த்தா நமக்கு என்ன தோணும், அதேதான்.

இப்போ என் தெருக் கதை ஒண்ணு. ஊர் பேரைச் சொல்லல. 2021-ல பூத் சிலிப் வந்தப்போ பார்த்தேன், எங்க வீடு ஒரு வார்டு, எதிர் வீடு வேற வார்டு. தெரு நடுவுல கோடு. அதனால என்னன்னு கேட்டா, கழிவுநீர்க் கால்வாய் எங்க பக்கம் கட்டினாங்க, எதிர்ப்பக்கம் கட்டல. மழை பெஞ்சா எதிர்ப்பக்கத் தண்ணி எங்க பக்கம்தான் வரும். தண்ணிக்கு வார்டு தெரியாது. ஏன் இப்படின்னு ஊராட்சி அலுவலகத்துல கேட்டேன். "தம்பி, வரைவு ஒட்டினப்போ ஆட்சேபணை கொடுத்திருக்கணும், அப்போ யாரும் வரல" அப்படின்னாங்க. எரிச்சலா இருந்தது. அப்புறம் சட்டம் படிச்சப்போதான் தெரிஞ்சது, அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

அந்த வரைவுதான் விஷயமே. எல்லை போடும்போது முதல்ல வரைவு வெளியிடுவாங்க. எந்தத் தெரு எந்த வார்டுன்னு அதுல இருக்கும். குறிப்பிட்ட நாளுக்குள்ள யார் வேணும்னாலும் எழுத்துல ஆட்சேபணை, கருத்து கொடுக்கலாம், கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். அதுக்கப்புறம் இறுதி ஆணை. உச்ச நீதிமன்றம் 1995-ல விட்டு வச்ச சந்து இந்த நாட்கள்லதான் திறந்திருக்கு. "எங்க தெருவைப் பிரிக்காதீங்க"ன்னு மொட்டையா எழுதினா வேலைக்கு ஆகாது. ரெண்டு வார்டுக்கும் உள்ள மக்கள்தொகை வித்தியாசத்தை எண்ணோட எழுதணும், ஏரி, ரோடு, வாய்க்கால்னு எது இயற்கையான எல்லைன்னு காட்டணும், பதிலுக்கு எந்தத் தெருவை மாத்தினா கணக்கு சமமாகும்னும் சொல்லணும். முக்கியமா, வாங்கினதுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்க. நாளைக்கு "எங்களைக் கேட்கவே இல்ல"ன்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி.

இன்னொண்ணையும் கவனிங்க. பட்டியல் சாதி மக்கள் சேர்ந்து வாழ்ற ஒரு குடியிருப்பை நடுவுல வெட்டி ரெண்டு வார்டுல போட்டா, ரெண்டு வார்டுலயும் அவங்க விகிதம் குறையும். விகிதம் அதிகமா இருக்கிற வார்டைத்தான் அவங்களுக்கு ஒதுக்குவாங்க. அப்போ ஒரு கோடு மாறினதுல ஒரு உறுப்பினர் இடம் கைவிட்டுப் போகலாம். மேப்ல பார்த்தா வெறும் தெருப் பிரிப்பு மாதிரித்தான் தெரியும்.

நகராட்சி ஆகிறது பத்தியும் சிலர் கேட்டிருந்தீங்க. குன்றத்தூர், மாங்காடு 2021-ல நகராட்சி ஆச்சு. ஊராட்சியா இருந்து நகராட்சிக்குள்ள போனா வார்டு எல்லை மொத்தமும் புதுசா வரும், கிராம சபை போயிடும், கிராமப்புற வேலை உறுதித் திட்டம் போயிடும். கிராம சபை சாதாரண விஷயமில்ல, பரந்தூர் விமான நிலைய விவகாரத்துல ஏகனாபுரம் மக்கள் தங்க எதிர்ப்பைப் பதிவு பண்ணது அந்த மேடையிலதான். தொழிற்சாலை நிர்வாகமே நகராட்சிச் சேவைகளைத் தர்ற இடமா இருந்தா, அதைத் தொழில் நகரியம்னு அறிவிச்சு, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியே அமைக்காம விடவும் பிரிவு 243க்யூ-ல ஒரு வழி இருக்கு. தொழிற்பேட்டை ஓரத்துல இருக்கிற நமக்கு அது கவனிக்க வேண்டிய வரி. தனி எபிசோடா பேசலாம்.

இப்போ தென்காசித் தம்பிக்கு. உங்க ஊரும் அதே ஒன்பது மாவட்டத்துல ஒண்ணு தம்பி, நீங்களும் அஞ்சு வருஷம் தலைவர் இல்லாம இருந்தவர்தான். உள்ளாட்சி வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வச்சுத்தான் தயாராகும். நீங்க வழக்கமா வசிக்கிற இடம் எதுவோ அங்க பெயர் சேர்க்கலாம், வாடகை ரூமா இருந்தாலும் சரி, சொந்த வீடு வேணும்னு சட்டத்துல இல்ல. ஆனா ரெண்டு இடத்துல இருக்கக் கூடாது. இங்க சேர்த்தா அங்க போயிடும். அம்மா அப்பாவோட தெருவுக்கு ஓட்டுப் போடணுமா, உங்க தொழில் வரி போற ஊராட்சிக்கு ஓட்டுப் போடணுமாங்கிறது உங்க முடிவு. இங்க மாத்தினா, உங்க ரூம் இருக்கிற தெரு எந்த வார்டோ அதுதான் உங்க வார்டு, ஊராட்சி அலுவலகத்துல கேட்டா சொல்லிடுவாங்க. வார்டு மக்கள்தொகையில நீங்க ஒரு எண்ணா வர்றது அடுத்த கணக்கெடுப்புக்கு அப்புறம்தான். கணக்கெடுக்க வர்றவங்க ரூம் கதவைத் தட்டும்போது ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கிக்கிட்டிருந்தாலும் எழுந்து திறங்க, ரூம்ல இருக்கிற ஆறு பேரையும் சொல்லுங்க. ஹவுஸ் ஓனர் மூணு பேர்னு சொல்லி வச்சிருப்பார்.

நம்ம மாவட்டத்துல 2021-ல ஜெயிச்சவங்களோட அஞ்சு வருஷம் 2026 அக்டோபரோட முடியுது. மத்த மாவட்டங்கள்ல 2025 ஜனவரி 5-லயே முடிஞ்சு தனி அலுவலர்கள் வந்துட்டாங்க. உங்க ஊராட்சி போர்டுல வரைவுன்னு தலைப்புப் போட்டு ஏதாவது ஒட்டினா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, சேர்ந்து படிக்கலாம்.